கடல்நீர்த் தொட்டியின் அடிமணல்: இடுவது, துப்புரவாக்குவது, மாற்றுவது

கடல்மீன் வளர்க்கும் தொட்டி அடிமணலால் பழுதாகும் இடங்களில் பெரும்பாலும் மணலில் பிழை இருப்பதில்லை. ஆழத்தை யோசிக்காமல் கொட்டுவது, முதல் மாதம் கண்டபடி கிண்டுவது, பிறகு அரை வருடம் தொடாமல் விட்டு ஒருநாள் முழுவதையும் கிளறுவது, இவைதான் பிழை. கீழே உள்ள படிகளின் ஒழுங்கை மாற்றாதீர்கள். முதற்படியில் எடுக்கும் முடிவுதான் எட்டாம் படியில் உறிஞ்சும் குழாயைப் பிடிக்கலாமா கூடாதா என்பதைத் தீர்மானிக்கிறது.

கணக்கெல்லாம் 3 அடி நீளம், 1½ அடி அகலம், 1½ அடி உயரமுள்ள தொட்டிக்கு. கல்லும் மணலும் போக அதில் ஏறத்தாழ 150 லீற்றர் தண்ணீர் நிற்கும்.

1. முதலில் ஆழத்தைத் தீர்மானியுங்கள்

இரண்டே வழிதான். ஒன்று, 2 முதல் 4 சென்ரிமீற்றர் வரை மெல்லிய மணல் (மெல்லிய படை என்ற பொருளில், பொடிமணல் அல்ல). அதைக் கிழமைக்குக் கிழமை உறிஞ்சித் துப்புரவாக்க வேண்டும். மற்றது, 10 முதல் 15 சென்ரிமீற்றர் ஆழமணல். அதை ஒருநாளும் கிண்டக் கூடாது.

காரணம் ஒட்சிசன். மேல் ஓரிரு சென்ரிமீற்றரில் ஒட்சிசன் இருக்கும். அங்கே பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்றாகவும் நைத்திரேற்றாகவும் மாற்றும். அதற்குக் கீழே ஒட்சிசன் தீர்ந்ததும் வேறு பற்றீரியா நைத்திரேற்றில் உள்ள ஒட்சிசனை எடுத்துக்கொண்டு நைதரசன் வாயுவை வெளிவிடும். நைத்திரேற்றும் தீர்ந்த இடத்தில் சல்பேற்றில் கைவைக்கும் பற்றீரியா இருக்கிறது. அங்கேதான் கூழ்முட்டை மணக்கும் ஐதரசன் சல்பைட்டு உண்டாகிறது. மீனுக்கு அது நஞ்சு.

புதியவர்கள் ஆசைப்படுவது நடுவில் உள்ள 6, 7 சென்ரிமீற்றர். பார்வைக்கு அதுதான் அழகு. ஆனால் அந்த ஆழத்தில் அடிவரை குழாய் விட்டுத் துப்புரவாக்கவும் முடியாது, நைத்திரேற்றை நம்பிக்கையாகக் குறைக்கவும் அது போதாது. அழுக்கு மட்டும் சேரும்.

இந்த அளவுத் தொட்டிக்கும் நம் வெக்கைக்கும் 3 சென்ரிமீற்றரே சரி. ஆழமணலுக்கு நிறைய இடமும் பொறுமையும் வேண்டும். மணலுக்குள் உறங்கும் ராஸ் மீன் வளர்க்க விருப்பமென்றால், ஒரு மூலையில் பிளாஸ்ரிக் பெட்டி வைத்து அதற்குள் மட்டும் 6 சென்ரிமீற்றர் மணல் இடலாம். தேவைப்படும்போது பெட்டியோடு தூக்கி எடுக்கலாம்.

2. மணலைத் தெரிவுசெய்தல்

வாங்க வேண்டியது அரகோனைற்று மணல், அதாவது கல்சியம் காபனேற்று. பருமன் 1 முதல் 2 மில்லிமீற்றர். அரை மில்லிமீற்றருக்குக் குறைந்த சீனி போன்ற மணல் ஆழமணலுக்கு நல்லது. மெல்லிய படையாக இட்டால், பவர்ஹெட் (தண்ணீரை ஓடவைக்கும் சிறு பம்ப்) ஓடத் தொடங்கியதும் அது புழுதியாகப் பறந்து கல்லின் மேல் படியும். 3, 5 மில்லிமீற்றர் முருகைத் துண்டுகளோ மறுபக்கம் கெடுதல்: இடுக்குகளுக்குள் சாப்பாட்டு மிச்சம் இறங்கிவிடும், நத்தைகளால் அதை எட்ட முடியாது.

கையில் உள்ள மணல் எந்த இனம் என்று தெரியாவிட்டால் ஒரு கரண்டி எடுத்து அதன்மேல் வினாகிரி விடுங்கள். தேசிக்காய்ப்புளியும் சரிவரும். நுரைத்துப் பொங்கினால் காபனேற்று. சும்மா இருந்தால் பளிங்குமணல், அதாவது சிலிக்கா.

பளிங்குமணல் மீனைக் கொல்லாது. ஆனால் கட்டட வேலைக்கு வரும் மணலில் களியும் கழிவும் கலந்திருக்கும். புல்மோட்டைப் பக்கம் போல கரிய கனிமமணல் கலந்ததாக இருந்தால், கண்ணாடி துடைக்கும் காந்தத்தில் அந்தத் துகள்கள் ஒட்டும். பிறகு ஒவ்வொரு துடைப்பிலும் கண்ணாடியில் கீறல்தான். வாங்கமுன் பலமான காந்தம் ஒன்றை மணலுக்குள் விட்டுப் பாருங்கள்.

கடற்கரையில் சாக்கு நிரப்பும் யோசனையை விட்டுவிடுங்கள். கரையோர வலயத்தில் மணல் எடுப்பது இலங்கையின் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. முருகைக்கல் உடைத்தெடுப்பதும் தடை. சட்டம் ஒருபக்கம் இருக்க, வள்ளம் கட்டும் கரைகளின் மணலில் எண்ணெய் ஊறியிருக்கும். அதைக் கழுவி எடுக்க முடியாது.

இன்னொரு தவறான நம்பிக்கை: அரகோனைற்று மணல் இட்டால் பிஎச் தானாக 8.2இல் நிற்கும் என்பது. அந்த மணல் கரையத் தொடங்குவது பிஎச் ஏறத்தாழ 7.7க்குக் கீழே போனால்தான். உங்கள் தொட்டி அங்கே போய்விட்டதென்றால் மணலை நம்பியிருக்கும் நேரமல்ல அது.

3. எவ்வளவு வாங்குவது

நீளம், அகலம், ஆழம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 1000ஆல் பிரித்தால் லீற்றர் வரும். ஒரு லீற்றர் உலர்மணல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. நம் தொட்டிக்கு 90 × 45 × 3 = 12,150; அதாவது 12 லீற்றர், 18 கிலோ. கல் வைக்கும் இடத்தைக் கழிக்காதீர்கள். மிஞ்சும் ஓரிரண்டு கிலோவைக் கழுவிக் காயவைத்து மூடிவையுங்கள், உறிஞ்சும்போது குறைவதை நிரப்ப உதவும்.

4. மணலுக்கு முன் தண்ணீர்

கிணற்றுத் தண்ணீரில் உப்புக் கரைத்து ஊற்றுவதுதான் யாழ்ப்பாணக் குடாநாட்டில் அதிகம் நடக்கும் பிழை. நம் கிணறுகள் சுண்ணக்கல்லுக்குள் நிற்பவை, தண்ணீர் கடினம். வலிகாமத்தில் வெங்காயம், மிளகாய், புகையிலைத் தோட்டங்களுக்கு இடும் உரமும் மலசலகூடக் குழிகளும் சேர்ந்து, பல கிணறுகளில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற குடிநீர் எல்லையைத் தாண்டிவிட்டது. தொட்டியில் நமக்கு வேண்டியது 10க்கும் கீழே. அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு மணலில் பாசி பிடிக்கிறதென்று மணலைக் குற்றஞ்சொல்லிப் பயனில்லை.

ஆர்ஓ தண்ணீர், அதாவது சவ்வால் வடித்துக் கரைந்த உப்புகளை நீக்கிய தண்ணீர் வாங்குங்கள். நிலையத்துக்கு நிலையம் தரம் வேறுபடும். தண்ணீரில் கரைந்திருப்பதைக் காட்டும் ரிடிஎஸ் மீற்றரால் அளந்து, 10க்குக் கீழே காட்டுவதைத் தெரிவுசெய்யுங்கள். குடிப்பதற்கென்று சுவைக்காகக் கனியுப்புச் சேர்த்த தண்ணீர் சரிவராது.

உப்பு, மீன்தொட்டிக்கென்று செய்த கடலுப்பாக இருக்க வேண்டும். ஆனையிறவு உப்பு கறிக்கு அருமை. ஆனால் அது பெரும்பாலும் சோடியம் குளோரைட்டு. கல்சியமும் மக்னீசியமும் உப்பளத்திலேயே பெரும்பாலும் பிரிந்துபோய்விடும். உப்பின் அளவைக் காட்டும் சாரடர்த்தி 1.025 முதல் 1.026 வரை இருக்கட்டும்.

கடற்தண்ணீரே எடுப்பவர்கள் கடல்நீரேரியைத் தவிர்த்து, வடமராட்சிப் பக்கத்துத் திறந்த கடலில், வத்து நேரத்தில் அல்லாமல் நீர் பெருகி நிற்கும் நேரத்தில் எடுங்கள். நீரேரியின் உப்பு மாரியில் இறங்கும், கோடையில் கடலையும் மிஞ்சி ஏறும். ஐப்பசி, கார்த்திகையில் தொண்டைமானாறு கடலில் சேரும் இடமும் வேண்டாம். எடுத்த தண்ணீரை மூடிய பரலில் இரண்டு கிழமை இருட்டில் வைத்து, பஞ்சால் வடித்து, உப்பை அளந்தபின் பாவியுங்கள்.

5. கழுவுதல்

ஒரு வாளிக்கு 3 கிலோ மணலுக்கு மேல் இடாதீர்கள். அரிசி களைவதுபோல் கைவிட்டுக் கிளறி, கலங்கலை ஊற்றிவிட்டு, திரும்பவும் நிரப்புங்கள். எட்டுப் பத்துத் தரம் போகும். கிணற்றுத் தண்ணீர் இதற்குத் தாராளமாக உதவும், ஏனென்றால் அது தொட்டிக்குள் தங்கப் போவதில்லை. கடைசி ஒரு தரம் மட்டும் ஆர்ஓ தண்ணீர்.

வாளி புதிதாக இருக்க வேண்டும். சவர்க்காரம் கண்ட வாளியை எவ்வளவு கழுவினாலும் வேண்டாம்.

ஈரமாகப் பையில் வரும் உயிர்மணலை நன்னீரில் கழுவக் கூடாது. கழுவினால் பணம் கொடுத்து வாங்கிய பற்றீரியா வாய்க்காலில் போகும்.

6. கல் முதலில், மணல் பிறகு

வெறும் அடிக்கண்ணாடியில் கற்களை வையுங்கள். கண்ணாடியில் கீறல் விழும் என்று பயமென்றால் நடுவில் மெல்லிய பிளாஸ்ரிக் தட்டு விடலாம். மணலின் மேல் கல்லை வைத்தால், கோபி மீனோ இறாலோ அடியில் தோண்டித் தோண்டி ஒருநாள் கல் சரியும். கண்ணாடி உடைந்தால் 150 லீற்றரும் வீட்டுக்குள்தான்.

கல்லை ஆட்டிப் பார்த்து, அசையாதென்று நிச்சயமான பிறகு மணலைப் பரப்புங்கள். கல்லுக்கு அடியில் மணலைத் திணிக்க வேண்டாம். பின்கண்ணாடிக்கும் கல்லுக்கும் இடையில் குழாய் நுழையும் அளவுக்கு இடைவெளி விடுங்கள். இதை மறப்பவர்களுக்கு ஒரு வருடத்தில் அந்த மூலை கறுத்துவிடும்.

மணலின் மேல் ஒரு சாப்பாட்டுக் கோப்பையை வைத்து, அதன்மேல் விழும்படி உப்புத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். எவ்வளவு கழுவியிருந்தாலும் ஓரிரு நாள் பால்போல் கலங்கும்; பயப்பட வேண்டாம். தெளியும்வரை பெரிய பம்பை ஓடவிடாதீர்கள். மிதக்கும் துகள் பம்பின் காந்தச் சுழலிக்குள் போனால் அது அரைத்துக்கொண்டே ஓடும். ஒரு சிறிய பவர்ஹெட்டும் தினமும் மாற்றும் வடிகட்டிப் பஞ்சும் போதும்.

7. முதல் ஆறு கிழமை

இந்தக் காலத்தில் மணலைத் தொடாதீர்கள். பற்றீரியா மணிகளின் மேல் குடியேறிக்கொண்டிருக்கும். அமோனியாவும் நைத்திரைற்றும் இரண்டும் பூச்சியத்துக்கு வந்து ஒரு கிழமை நிலைத்த பிறகே முதல் மீன்.

இரண்டாம் மூன்றாம் கிழமையில் மண்ணிறப் பொடி மணலை மூடும். அது டயற்றம் என்ற நுண்பாசி, தண்ணீரில் உள்ள சிலிக்கேற்று தீர்ந்ததும் தானாகப் போகும். இதைக் கண்டு பதறி மணலைக் கிண்டுவதும், கடையில் மருந்து வாங்கி ஊற்றுவதும் தேவையற்றது. விளக்கை எட்டு மணித்தியாலத்துக்குக் குறைத்துவிட்டுப் பொறுத்திருங்கள்.

8. கிழமைக்குக் கிழமை உறிஞ்சுதல்

மெல்லிய மணலுக்கு இதுதான் உயிர்நாடி. ஆழமணல் வைத்திருப்பவர்கள் இந்தப் படியில் மேலே படியும் தூசியை மட்டும், மணலைத் தொடாமல் எடுங்கள்.

கூழாங்கற்களுக்கென்று விற்கும் பெரிய உறிஞ்சி இந்த மணலுக்குப் பொருந்தாது, மணலையும் சேர்த்து வாளிக்குக் கொண்டுபோய்விடும். அரை லீற்றர்த் தண்ணீர்ப் போத்தலின் அடியை வெட்டி, வாய்ப்பக்கத்தில் அரை அங்குல ஹோஸைச் செருகுங்கள். போத்தல் அகலமாதலால் அதற்குள் ஓட்டம் மந்தமாக இருக்கும். மணல் அரைவாசி உயர்ந்து திரும்ப விழும், இலேசான அழுக்கு மட்டும் ஹோஸுக்குள் ஏறும். வெட்டிய விளிம்பை நெருப்பில் காட்டி மழுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் கையைக் கிழிக்கும்.

வாயால் உறிஞ்ச வேண்டாம். ஹோஸைத் தொட்டித் தண்ணீருக்குள் முழுவதும் அமிழ்த்திக் காற்றுப் போனதும், ஒரு முனையைப் பெருவிரலால் அடைத்து வாளிக்குள் இறக்கினால் தானாக ஓடும்.

போத்தலை அடிக்கண்ணாடி தொடும்வரை மணலுக்குள் குத்துங்கள். கலங்கல் ஏறும். மணல் ஹோஸின் வாய்க்கு வந்ததும் ஹோஸை நெரியுங்கள், மணல் விழும். விட்டுவிட்டுத் தண்ணீர் தெளியும்வரை இப்படிச் செய்து, தூக்கி அடுத்த இடத்தில் குத்துங்கள். இழுத்துக்கொண்டே போகாதீர்கள். இழுத்தால் அழுக்கு பக்கத்து மணலுக்குத்தான் மாறும்.

ஒரு தரத்தில் மூன்றில் ஒரு பங்கு நிலம் மட்டும். முதற்கிழமை இடப்பக்கம், அடுத்தது நடு, பிறகு வலப்பக்கம். முழுவதையும் ஒரேநாளில் செய்தால் பற்றீரியாக் குடியிருப்பு முழுவதும் ஒன்றாகக் குலையும். புதைந்திருந்த அழுக்கும் ஒன்றாகத் தண்ணீருக்கு வரும். வாளியில் 15 லீற்றர் சேர்ந்ததும், துப்புரவு முடியாவிட்டாலும் நிறுத்துங்கள். தொட்டியின் பத்திலொன்று அது. அதே உப்பும் அதே சூடும் உள்ள புதுத் தண்ணீரால் நிரப்புங்கள்.

மாதக்கணக்கில் தொடாத மெல்லிய மணலாக இருந்தால் மூன்றிலொன்று கூடாது. ஓர் அகப்பை அகலத்துக்கு ஒரு பட்டை மட்டும் செய்து, மறுநாள் அமோனியா பாருங்கள். பூச்சியமாக இருந்தால் அடுத்த கிழமை சற்றுக் கூட்டலாம்.

9. மணலுக்குள் யாரை விடுவது

நசாரியஸ் நத்தை ஐந்தாறு, செரித் நத்தை ஐந்தாறு. நசாரியஸ் மணலுக்குள் புதைந்து மூக்குக்குழலை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். சாப்பாடு மணத்ததும் எழும்பி வரும். செரித் மணலின் மேற்தட்டையும் கண்ணாடியையும் மேயும். தொடக்கத்தில் ஐம்பது விட்டால், இரண்டு மாதத்தில் பட்டினியால் செத்து அவையே அமோனியாவாகும்.

கடலட்டையை விடலாமா என்று எப்போதும் ஒரு கேள்வி வரும். நீரேரியில் வேலியடைத்துப் பண்ணையாகவே வளர்க்கிறோம், வீட்டுத் தொட்டியில் ஏன் முடியாது என்பது நியாயமான யோசனைதான். ஆனால் பண்ணை அட்டை தின்பது நீரேரிச் சேற்றில் ஓயாமல் சேரும் சத்தை. 3 அடித் தொட்டியின் மணலில் அது சில மாதத்தில் தீர்ந்துவிடும், அட்டை நாளுக்குநாள் சுருங்கும். அதைவிட மோசம், பம்பின் வாயில் அகப்பட்டு நசிந்தால் அது விடும் நஞ்சால் மீனெல்லாம் போகலாம். மணல் தோண்டும் நட்சத்திரமீனும் இதேபோல் பட்டினியால் சாகும்.

மணலைக் கிண்டினால் சிவந்த முள்ளுப்புழு தென்படும். பிடித்து எறியாதீர்கள், அது கூலியில்லாத வேலையாள். வெறுங்கையால் தொடவும் வேண்டாம். அதன் முள் தோலில் ஏறும்.

10. மணலின் நிறத்தைப் பார்த்து அறிவது

கண்ணாடியோரம் மட்டும் தெரியும் பச்சை, ஊதாக் கோடுகள் வெளிச்சத்தால் வரும் பாசி. உள்ளே அப்படி இருக்காது. வெளியில் கறுப்பு நாடா ஒட்டினால் போகும்.

மெல்லிய மணலில் சாம்பலும் கறுப்புமாகத் திட்டு தெரிந்தால் அங்கே ஓட்டம் போதாது, அல்லது ஏதோ செத்துப் புதைந்திருக்கிறது. அந்தத் திட்டைக் கிண்டாமல், ஹோஸை நேரே வைத்து மணலோடு வாளிக்குள் உறிஞ்சி எடுங்கள். கிண்டினால் வாயு தொட்டிக்குள் பரவும், உறிஞ்சினால் வாளிக்குப் போகும். கூழ்முட்டை மணந்தால் காற்றுப்பம்பைக் கூட்டி, அக்டிவேற்றட் காபன் போடுங்கள். ஆழமணலின் அடியில் கறுப்பு இருப்பது இயல்பு, விட்டுவிடுங்கள்.

சிவந்த, வழுவழுப்பான ஆடைபோல் மூடினால் அது சயனோபற்றீரியா. ஆடையை உறிஞ்சி எடுத்து, அந்த இடத்துக்கு ஓட்டத்தைத் திருப்பி, தீனியைக் குறையுங்கள். மண்ணிறச் சளி நூல்நூலாக, பின்னேரத்தில் குமிழிகளோடு நின்று, இரவில் குறைந்தால் அது டைனோபிளாசலேற்று. இது வேறு வழக்கு: நைத்திரேற்றும் பொசுபேற்றும் பூச்சியமான தொட்டிகளில்தான் பெரும்பாலும் வரும். அங்கே இன்னும் இன்னும் தண்ணீர் மாற்றினால் கூடுமே தவிரக் குறையாது.

மணல் கட்டிபட்டுப் பாளமானால் காபனேற்று படிகிறது. காரத்தன்மையையும் கல்சியத்தையும் அவசரமாக ஏற்றுவதாலோ மக்னீசியம் குறைவதாலோ இது நடக்கும். கல்சியம் லீற்றருக்கு 400 முதல் 450 மில்லிகிராம், மக்னீசியம் 1250 முதல் 1350 மில்லிகிராம், காரத்தன்மை 8, 9 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு) அளவில் நிறுத்தி, கட்டிகளைக் கையால் உடைக்காமல் எடுத்துவிடுங்கள். சுண்ணாம்புத் தண்ணீர் விடுபவர்கள் இரவில், சொட்டுச் சொட்டாக விடவேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்பில் என்னென்ன கலந்திருக்குமோ, அது தொட்டிக்கு ஆகாது.

11. வெக்கையும் கரண்டும்

25 பாகையில் கடல்நீர் லீற்றருக்கு ஏறத்தாழ 6.7 மில்லிகிராம் ஒட்சிசன் பிடிக்கும், 30 பாகையில் 6.2தான். மீனுக்கு முன்பே மணலில் உள்ள பற்றீரியா அதில் பங்கு கேட்கும். கரண்ட் நின்று ஓட்டம் நின்றால் மணலை ஒட்டிய தண்ணீரில் ஒட்சிசன் விரைவாகத் தீரும். பற்றரியில் ஓடும் காற்றுப்பம்ப் ஒன்று எப்போதும் ஆயத்தமாக இருக்கட்டும்.

சித்திரை, வைகாசியில் மின்விசிறியைத் தண்ணீரின் மேற்பரப்புக்குத் திருப்பிவிட்டால் இரண்டு மூன்று பாகை குறையும். ஆனால் சோளகக் காற்றும் சேர்ந்தால் நாளுக்கு ஓரிரு லீற்றர் ஆவியாகும். அதை ஆர்ஓ நன்னீரால் நிரப்புங்கள், உப்புத் தண்ணீரால் அல்ல. ஆவியாவது நீர் மட்டும், உப்பு தொட்டியில்தான் நிற்கிறது. வெக்கை கூடிய நாளில் மணல் உறிஞ்சும் வேலையை வைக்காதீர்கள், விடியப்புறம் செய்யுங்கள்.

12. பழைய மணலை மாற்றுதல்

நன்றாக உறிஞ்சிவந்த மெல்லிய மணலை முழுதாக மாற்ற வேண்டிய தேவை அரிது. மாற்றத்தான் வேண்டுமென்றால் நிலத்தை ஆறு பட்டைகளாகப் பிரித்து, கிழமைக்கு ஒரு பட்டை. முக்கால் அங்குல ஹோஸால் மணலையும் தண்ணீரையும் சேர்த்து வாளிக்கு எடுங்கள். மறுநாள் அமோனியா 0.25 காட்டினால் அடுத்த பட்டைக்கு இரண்டு கிழமை விடுங்கள்.

ஆழமணலுக்கு இந்த முறை பொருந்தாது. வெட்டிய முகத்திலிருந்து வாயு ஒழுகும். மீன், நத்தை, கல் எல்லாவற்றையும் காற்றுப்பம்ப் வைத்த தொட்டிகளுக்கு மாற்றிவிட்டு ஒரேயடியாக எடுக்கவேண்டும். வீடு மாறும்போதும் இதே விதிதான். பழைய மணலைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டுபோய் மற்ற வீட்டில் தண்ணீர் நிரப்பினால், வழியில் குலுங்கிய அழுக்கெல்லாம் முதல் இரவே மீனுக்குள் போகும். கற்களில் போதிய பற்றீரியா இருக்கும், மணலைப் புதிதாகவே இடுங்கள்.

ஓடும் தொட்டிக்குள் புதுமணல் இட இரண்டு அங்குல பிவிசி குழாய் ஒன்று போதும். பம்புகளை நிறுத்தி, குழாயின் கீழ்வாயை அடிக்கண்ணாடிக்கு ஒருவிரல் உயரத்தில் பிடித்து, கழுவிய ஈரமணலைச் சிரட்டையால் மேலிருந்து சிறிதுசிறிதாக விடுங்கள். நிரம்ப நிரம்பக் குழாயை மெதுவாக நகர்த்துங்கள். அரை மணித்தியாலம் கழித்துப் பம்பைப் போடலாம்.